சிவப்புக் கட்டை

ஆப்பு என்று பேர் வைத்துக்கொண்டு ஒருத்தனுக்கும் ஆப்பு வைக்காமல் காலம் தள்ளிய ஆள் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். சின்ன வயதில் எந்த வீட்டில் நாற்காலி ஆடினாலும், குனிந்து காலடியில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டு எழுவான். அதில் ஒட்டிக்கொண்ட பேர், தலை நரைத்த பிறகும் போகவில்லை. சண்டை என்றாலே ஆகாது அவனுக்கு. யாராவது குரலை உயர்த்தினால் மரம் இழைக்கிற இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் மறுமூலைக்குப் போய்விடுவான். அப்படிப்பட்ட அப்பிராணி ஒரு ஆளின் கட்டை விரலை எடுக்கத் திட்டம் போட்டான் என்றால், எந்த அளவுக்கு அவனைக் கொண்டு போய் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

அன்றைக்குப் பலகை வாங்கிக்கொண்டு அவன் திரும்பியபோது பட்டறையில் ஜிக் சுக்குநூறாகக் கிடந்தது. நடுவில் வட்ட ரம்பம் சுழலும் ரம்ப மேஜையின் மேல் வைத்துத் தள்ளுகிற மரச் சட்டம் அது. பெட்டியின் மூலையில் இரண்டு பலகைகள், கை விரல்களைக் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறங்குமே, அந்த விரல்களை ஒரே அளவாக வெட்டித் தருவதுதான் அதன் வேலை. தேயிலைக் கம்பெனிக்குப் பெட்டி செய்யும் அந்தப் பட்டறைக்கு அதுதான் சோறு போட்டது. சுவரில் காரை பெயர்ந்து ஒரு குழி விழுந்திருந்தது. ஒரே அடியில் விழுந்த குழி இல்லை அது.

"என்னாச்சு மாப்பிள்ள?" என்றான் ஆப்பு.

தங்கையின் புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அப்பா விட்டுப்போன பட்டறைக்கும் மாடி வீட்டுக்கும் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். மாப்பிள்ளை என்றால் மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். இந்த ஆளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"கை தவறி விழுந்துடுச்சு மச்சான்."

"கை தவறினா தரையிலதானே விழும். சுவத்துலயா விழும்?"

மாப்பிள்ளை சிரித்தான். சிரித்தால் நல்ல அழகன்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பசை காய்ச்சும் மூலையில் தங்கை நின்றிருந்தாள். வலது கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது. துணியின் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சுண்ணா" என்றாள், அவன் கேட்பதற்கு முன்பே.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துணியைப் பிரித்தபோது ஆப்புவும் பக்கத்தில் இருந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒடிந்து, ஊதிக் கறுத்திருந்தன. விரல்களின் இரண்டு பக்கத்திலும் தோலில் குட்டிக் குட்டிக் கட்டங்கள், அச்சு வைத்தது போலப் பதிந்திருந்தன. டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொள்ள மேஜையில் முடுக்கியிருக்கும் இரும்பு வைஸைத் தினமும் திருகுகிறவனுக்குப் புரியாமல் போகுமா? வைஸின் தாடை இரண்டிலும் வழுக்காமல் இருக்க அதே கட்டங்கள்தான் செதுக்கியிருக்கும். கதவு நசுக்கும். கட்டம் போடாது.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கதவு" என்றாள் தங்கை. அவர் கதவு என்று எழுதிக்கொண்டார்.

 இது முதல் தடவை இல்லை. மாடிப்படியில் உருண்டேன் என்பாள், அலமாரி மூலை இடித்தது என்பாள், கட்டில் காலில் மோதிக்கொண்டேன் என்பாள். அவளை அடிக்காத மரச்சாமானே அந்த வீட்டில் இல்லை. அத்தனையும் அவளுடைய கல்யாணத்துக்கு ஆப்பு தன் கையால் இழைத்துக் கொடுத்தவை. அந்தக் கதவும்தான்.

இன்னொரு விஷயமும் அவனைக் குடைந்தது. எந்தப் பலகையை வைஸில் வைத்தாலும், தங்கை முதலில் இரண்டு பக்கமும் தோல் துண்டு வைப்பாள். ஆணியில் எப்போதும் இரண்டு துண்டு தொங்கும். "பிடிச்சா போதும்ணா, இறுக்கக் கூடாது. தடம் விழுந்தா அது வேலை இல்ல, காயம்" என்பாள். மரத்துக்கே அப்படிப் பார்த்தவளின் விரலை வெறும் இரும்பில் வைத்து மாப்பிள்ளை திருகியிருக்கிறான்.

என்ன நடந்தது என்பதைப் பக்கத்துக் கடைசல்காரர்தான் சொன்னார். நாற்காலிக் கால், கட்டில் கால் கடைகிறவர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். இரண்டு பட்டறைக்கும் ஒரே சுவர்.

"தேயிலைக் கம்பெனிக்காரர் வந்து பெட்டியை ஆட்டிப் பாத்தாருப்பா. மூலை லொடலொடன்னுச்சு. ஏன் இப்படின்னு கேட்டாரு. ஜிக்குல அளவு காட்டுற முளையை யாரோ சுத்தியால தட்டி நகர்த்திட்டாங்கன்னு உன் தங்கச்சி உள்ளதைச் சொல்லிடுச்சு."

அந்த யாரோ யார் என்று எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்காரர் போகிற வரைக்கும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தானாம்.

"அப்புறம் சத்தம் கேட்டுச்சு. முதல்ல சுவரு. அப்புறம் உன் தங்கச்சி" என்றார் கடைசல்காரர்.

"கேட்டுட்டு நீங்க ஏன் வரல?"

"புருஷன் பொண்டாட்டி விஷயமாச்சேன்னு இருந்துட்டேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆப்பு அவரை ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகத் தானும் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு மறுமூலைக்குப் போனவன்தானே.

இன்றைக்கு இரண்டு விரல். அடுத்த தடவை கை முழுக்க இருக்கும். அதற்கடுத்த தடவை தங்கையே இருக்க மாட்டாள். இதை நினைத்தபோது அவனுக்குத் தூக்கம் போயிற்று. மாப்பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று தங்கையிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறான். "பாக்கலாம்ணா" என்பாள். அந்தப் பதிலைப் பயம் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

தேயிலைக் கம்பெனிக்குப் பெட்டி போக வேண்டும், புது ஜிக் வேண்டும். மாப்பிள்ளை வெளிவேலையாகப் போயிருந்த காலையில் ஆப்பு அதைச் செய்ய உட்கார்ந்தான். ரம்ப மேஜையின் பள்ளங்களில் ஓடுவதற்கு இரண்டு சட்டங்களை இழைத்தான். அவற்றின் மேல் ஒரு கனத்த பலகையை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தினான். அதை ரம்பத்தின் மேல் ஒரு தடவை தள்ளியதும் பலகையில் வாய் மாதிரி ஒரு பிளவு விழுந்தது. அந்த வாயின் அகலத்துக்கே ஒரு முளை செதுக்கி, அதே அகலம் தள்ளிப் பதித்தான். பெட்டிப் பலகையின் முதல் வெட்டை முளையில் மாட்டினால் இரண்டாம் வெட்டு விழும். இரண்டாவதை மாட்டினால் மூன்றாவது. முளை மயிரிழை நகர்ந்திருந்தால் முதல் வெட்டில் ஒன்றும் தெரியாது. தப்பு வெட்டுக்கு வெட்டு ஏறிக்கொண்டே போய், கடைசி விரல் வந்து நிற்கும்போது பெட்டியே மூடாது. கல்யாணமான முதல் மாசம் தங்கையின் கன்னத்தில் பார்த்த நாலு விரல் தடம் அவனுக்கு ஞாபகம் வந்தது. சின்ன விஷயம் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள்.

காகிதத் துண்டு வைத்து முளையைச் சரி செய்தான். கழிவுப் பலகையில் வெட்டிப் பார்த்தான். இரண்டு துண்டும் கையால் தட்டியதும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, இழுத்தால் வர மாட்டேன் என்றன. நல்ல ஜிக்.

பாக்கி இருந்தது காவல் கட்டை மட்டும்தான். தள்ளி முடிக்கிற இடத்தில் ரம்பம் பலகையைத் தாண்டி, தள்ளுகிறவன் பக்கமே எட்டிப் பார்க்கும். அதை மறைக்கப் பலகையின் பின்னால் கனமான ஒரு கட்டையை ஒட்டுவார்கள். ரம்பம் அதற்குள்ளேயே வந்து முடங்கிவிடும். அந்தப் பட்டறையில் அதற்குச் சிவப்பு அடிப்பது வழக்கம். சிவப்பு என்றால் கை வைக்காதே என்று அர்த்தம். எல்லோரும் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தள்ளுவார்கள். மாப்பிள்ளை மட்டும் இரண்டு கட்டை விரலையும் சிவப்பின் மேலேயே ஊன்றித் தள்ளுவான். "இதுக்கே பயந்தா மாடு மேய்க்கத்தான் போகணும் மச்சான்" என்பான்.

நாலு விரல் கனம் இருக்க வேண்டிய கட்டையை ஆப்பு ஒரு விரல் கனத்துக்கு அறுத்தான். கடைசி வரைக்கும் தள்ளினால் ரம்பம் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

  பசை தடவி ஒட்டினான். திருகாணி போடவில்லை. சிவப்பு அடித்தான், சீக்கிரம் காய்கிற வண்ணம். கட்டை விரல் இல்லாதவனால் வைஸைத் திருக முடியாது, யாருடைய முடியையும் கொத்தாகப் பிடிக்க முடியாது. இதைத் தவிர வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை. தங்கை, ஜிக்கின் அடியில் ஓடும் சட்டங்களுக்கு மெழுகு தேய்க்க ஒற்றைக் கையோடு வந்தாள். ஆப்பு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே டீக்கடைக்குப் போய்விட்டான்.

அவன் திரும்பியபோது மாப்பிள்ளை வந்திருந்தான். புது ஜிக் ஏற்கெனவே மேஜையில் ஏறியிருந்தது.

"பரவாயில்லையே மச்சான், அழகாப் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லி சுவிட்சைப் போட்டான். ரம்பம் முனகி, ஏறி, ஒரே சுதியில் நின்றது. பலகையை நிறுத்தினான். இரண்டு கட்டை விரலும் சிவப்பில் ஊன்றின.

சொல்லிவிடலாமா என்று ஆப்பு ஒரு அடி முன்னால் வைத்தான். பக்கத்தில் தங்கையின் கட்டுப்போட்ட கை தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான். ஜிக் முன்னால் போயிற்று. மரம் கிறீச்சிட்டது. ரம்பம் பலகைக்குள் நுழைந்து மறைந்தது. மாப்பிள்ளை கடைசி வரைக்கும் தள்ளினான்.

ஒன்றும் ஆகவில்லை. ஜிக் திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. அப்போதுதான் ஆப்பு உற்றுப் பார்த்தான். கட்டை நாலு விரல் கனத்தில் இருந்தது. இரண்டு திருகாணியின் தலை தெரிந்தது. இரண்டும் கோணல். இடது கையால் போட்டால்தான் அப்படிக் கோணும்.

பின்பக்கத் தொட்டியருகே தங்கையைப் பிடித்துக்கொண்டான். "ஏன் மாத்தின?" என்றான், பல்லைக் கடித்தபடி.

"பசை காயல. ஒரு தட்டுல வந்துடுச்சு. பழைய ஜிக்கோட கட்டை கிடந்துச்சு, அதைப் போட்டேன்."

"அதைக் கேக்கல. உன் விரலை ஒடிச்சவனுக்கா பரிதாபப்படுற?"

"பரிதாபமா?" அவள் அவனை நேராகப் பார்த்தாள். "அவனுக்குக் கட்டை விரல் போச்சுன்னா ஆஸ்பத்திரியில யாருண்ணா கிடப்பா? சட்டைக்கு பட்டன் யாரு போட்டு விடுவா? சோறு யாரு ஊட்டுவா? நீயா?"

ஆப்பு தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவனை வெளிய அனுப்பணும்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். இந்த ஆர்டர் முடியட்டும்னுதான் இருக்கேன். நீ அவனை ஊனமாக்கி என் மடியில போட்டேன்னா நான் எப்படிண்ணா அனுப்புவேன்? கையில்லாதவனைத் துரத்திட்டாளேன்னு என்னைத்தானே காறித் துப்புவாங்க. முழுசா இருக்குறவனைத்தான் விட முடியும்."

ஆப்புவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நல்லது செய்கிறேன் என்று அவளை அந்த ஆளோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டப் பார்த்திருக்கிறான். "அந்தக் கட்டையை எங்க போட்ட?" என்று மட்டும் கேட்டான்.

"கழிவுக் கூடையில."

மர வேலைக்காரர்கள் கழிவைத் தூக்கிப் போடுவதே இல்லை. அடியில் வைக்க, இடுக்கில் செருக என்று தினமும் கூடையைக் கிளறுவார்கள். இது தெரிந்தும் இவள் அங்கே போட்டாள், பாருங்கள். அவர்கள் உள்ளே ஓடி வந்தபோது ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கூடையருகே நின்று, ஒரு விரல் கனச் சிவப்புத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் அயோக்கியனே தவிர முட்டாள் இல்லை. அதை ஜிக்கின் பின்னால் வைத்து ஒரு தடவை அளந்து பார்த்தான். பிறகு தன் கட்டை விரலைப் பார்த்தான்.

"மச்சான்" என்றான் மெதுவாக. "நீங்களா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. துண்டாலேயே ஆப்புவின் தாடையில் அடித்தான். ஒரு பல் உடைந்து நாக்கில் விழுந்தது. இரண்டாவது அடி கண்ணுக்கு மேல் விழுந்து, இரத்தம் இறங்கி ஒரு பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆப்பு கையை உயர்த்தக்கூட இல்லை. சண்டை போட அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மாப்பிள்ளை அவன் பிடரியைப் பிடித்து ரம்ப மேஜைக்கு இழுத்துப் போனான். ஜிக்கை மேஜையிலிருந்து தள்ளிவிட்டான். மரத்தூள் மேல் ஆப்புவின் கன்னம் அழுந்தியது. பக்கத்தில் ரம்பம், காற்றடிக்கிற தூரத்தில்.

"கட்டை விரல்தானே கேட்டீங்க. குடுங்க, நானே எடுத்துத் தரேன்."

வலது மணிக்கட்டைப் பிடித்து ரம்பத்தை நோக்கித் தள்ளினான். ஆப்பு விரல்களை மடக்கிக்கொண்டான். சுண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. சூடாக ஏதோ பட்ட மாதிரி இருந்தது. வலி அப்புறம்தான் வந்தது. சுண்டு விரலின் நுனி போய்விட்டது. மேஜை நெடுக இரத்தம் கோடு போட்டது. மாப்பிள்ளை விடவில்லை, இன்னும் தள்ளினான்.

தங்கை முழங்காலால் சுவிட்சை இடித்து அணைத்தாள். ரம்பம் உடனே நிற்காது, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது ஓய்வதற்குள் மேஜையிலிருந்த கொட்டாப்புளியை, அந்தக் கனத்த மரச் சுத்தியலை, இடது கையில் எடுத்துப் புருஷனின் முழங்கால் மடிப்பில் போட்டாள். அவன் மடங்கினான். தோளில் இன்னொன்று போட்டாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அவன் விழுந்த இடத்திலிருந்தே அவள் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தான். கட்டுப்போட்ட கை அவளுக்கடியில் சிக்கியது. அவள் அலறினாள். அவன் கழுத்தைப் பிடித்துவிட்டான்.

இந்தத் தடவை கடைசல்காரர் வந்தார். கதவைத் தட்டவில்லை. வந்ததும் அவன் முதுகின் மேல் முழுக் கனத்தோடு உட்கார்ந்துவிட்டார். "போதும்ப்பா, விடு" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். பீரோ மேலே விழுந்தால் யார்தான் விடாமல் இருப்பார்கள்?

தங்கை எழுந்தாள். இருமினாள். மூச்சு வந்ததும் கடைசல்காரரிடம் சொன்னாள்: "அந்தக் கையைப் பிடிச்சு வைஸுக்குக் கொண்டாங்கண்ணா."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. திமிறினான், வைதான், வசவில் அவள் அம்மாவையும் இழுத்தான். கடைசல்காரர் அவனைத் தூக்கி நிறுத்தி மணிக்கட்டை வைஸின் தாடைகளுக்கு நடுவில் வைத்தார். ஆப்பு தன் விரலைச் சட்டையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தான். செய் என்று அவன் மனசு சொன்னது. திருகு, நல்லா திருகு.

தங்கை ஆணியிலிருந்து தோல் துண்டு இரண்டையும் எடுத்தாள். மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தாள்.

"இவனுக்கு எதுக்கும்மா தோலு?" என்றார் கடைசல்காரர்.

"தடம் விழக் கூடாது" என்றாள். இடது கையால் கைப்பிடியைத் திருகினாள். பிடித்ததும் நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை இழுத்துப் பார்த்தான், கை வரவில்லை. பிறகு கைப்பிடியையே உருவி எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ இல்லாம எனக்கு யாருடி இருக்கா" என்று அவன் அழ ஆரம்பித்தான். அழுதால்கூட அழகன்தான்.

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். வைஸில் இருந்த கை, வெளியே இருந்த கை, இரண்டையும் எண்ணினாள். "பத்தும் இருக்கு. இனிமே நீயே போட்டுத் தின்னுக்கோ" என்றாள். பிறகு கடைசல்காரரிடம் திரும்பி, "போலீசுக்குப் போன் பண்ணுங்கண்ணா" என்றாள்.

போலீஸ்காரரிடம் மாப்பிள்ளை கத்தினான்: "சார், அந்த ஆளு என் கட்டை விரலை எடுக்கப் பாத்தான்." போலீஸ்காரர் அவன் கையைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஆப்புவின் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்த இரத்தத்தைப் பார்த்தார். தங்கையின் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தார். "நடடா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. ஆப்புவின் சுண்டு விரலுக்குத் தையல் போட்டுக்கொண்டே தங்கையின் கழுத்தை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"மறுபடியும் கதவா?"

தங்கை கட்டுப்போட்ட கையை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"அன்னைக்கு எழுதுனதையும் மாத்தி எழுதுங்க டாக்டர். என் புருஷன் வைஸ்ல வச்சுத் திருகினான். கழுத்தும் அவன்தான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆப்புவைப் பார்த்தாள். "கதவு மேல ஒரு தப்பும் இல்ல. எங்கண்ணன் செஞ்சது, நல்ல கதவு."

ஆப்பு அப்போதுதான் அழுதான்.